ஒரகடத்தில் ஆக்ட் தெரபிஸ்ட் கிடைப்பாரா?

சுங்குவார்சத்திரத்திலோ ஒரகடம் ஜங்ஷனிலோ இறங்கி, "இங்க ஆக்ட் தெரபி பண்றவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் பிசியோதெரபி சென்டருக்கு அன்பாக வழி காட்டுவார்கள். அக்செப்டன்ஸ் அண்ட் கமிட்மென்ட் தெரபி என்று முழுப்பெயரைச் சொன்னாலும் பதில் பெரிதாக மாறாது. அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த ஸ்டீவன் ஹேய்ஸும் சகாக்களும் 1980களில் உருவாக்க ஆரம்பித்து, 1999இல் புத்தகமாக்கிய சிகிச்சைமுறை இது. சென்னையில் சில உளவியலாளர்களின் அறிமுகக் குறிப்புகளில் இந்தப் பெயரைப் பார்க்கலாம். அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் வரை கார், பைக், போன், டயர், கண்ணாடி என்று சகலமும் தயாராகும் இடத்தில், அவற்றைச் செய்துகொடுக்கும் கைகளுக்கு இந்தப் பெயர் வந்து சேரவில்லை. ஆனால் என் கவலை பெயர் வந்து சேராததைப் பற்றியது இல்லை. இந்தப் பகுதித் தொழிலாளி "ஆக்ட்" என்ற போர்டைத் தேடி அலைய வேண்டியதே இல்லை என்றுதான் சொல்லப்போகிறேன். அந்தப் பெயருக்குள் நடக்கும் வேலை என்னவென்று தெரிந்துகொண்டு, கைக்கு எட்டுகிற தகுதியான ஒருவரிடம் அதைக் கேட்டு வாங்குவதுதான் நடக்கிற காரியம்.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்ப்போம். பயம், பதற்றம், "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்கிற நினைப்பு, இதெல்லாம் ஒழிந்தால்தான் நிம்மதியாக வாழ முடியும் என்று நாமெல்லோரும் நம்புகிறோம். ஆக்ட் இந்த நம்பிக்கையிலேயே கை வைக்கிறது. லைனில் டார்கெட் தவறி, எல்லோர் முன்னாலும் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிய ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அதே இடத்தில் போய் நிற்க வேண்டும் என்றதும் நெஞ்சு படபடக்கிறது. படபடப்பிலிருந்து தப்பிக்க லீவு போடுகிறார், ரூமில் யாரோடும் பேசுவதில்லை, விடிய விடிய போனில் ரீல்ஸ் பார்க்கிறார். கொஞ்ச நேரம் அடங்குகிறது. அதற்கு ஈடாகச் சம்பளத்தில் பிடித்தம், தூக்கம் கெடுதல், ஊருக்குப் பேசக்கூட மனமில்லாமல் போதல். பயத்தை விரட்ட இதுவரை என்னென்ன செய்தீர்கள், அதில் என்ன மிஞ்சியது, எதை இழந்தீர்கள் என்ற கணக்கைத்தான் ஆக்ட் தெரபிஸ்ட் முதலில் போடச் சொல்வார். இந்த முறையில் வழக்கமாகச் சொல்லும் ஒரு உவமை கம்பெனி பஸ் ஓடும் நம் ஏரியாவுக்கென்றே செய்ததுபோல இருக்கும். நீங்கள் டிரைவர், உங்கள் பயமும் கசப்பும் பின்சீட்டில் உட்கார்ந்து கூச்சல் போடும் பயணிகள். அவர்களை இறக்கிவிட்டுத்தான் மறுவேலை என்று வண்டியை ஓரங்கட்டிச் சண்டை போட்டால் பஸ் நகராது. அவர்கள் சொன்ன பக்கமெல்லாம் திருப்பினால் போக நினைத்த ஊர் வராது. கத்தட்டும் என்று விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பழகுவதுதான் பயிற்சி. எந்த ஊருக்குப் போக வேண்டும், எதற்காக வாழ வேண்டும் என்பதைத் தெரபிஸ்ட் சொல்ல மாட்டார், உங்களிடமிருந்து கேட்டு வாங்குவார். பிறகு அந்தத் திசையில் இந்த வாரமே எடுத்துவைக்கக்கூடிய சின்ன அடி ஒன்றைப் பேசி முடிவு செய்வார்.

இது பலன் தருகிறதா? 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 39 சோதனைகளை, 1,821 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்கள் ஆகியோரைவிட ஆக்ட் எடுத்துக்கொண்டவர்களுக்கு முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. ஆனால் சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை போன்ற ஏற்கெனவே நிலைபெற்ற முறைகளோடு ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. இந்த இரண்டாவது முடிவைத்தான் தேடுகிறவர்கள் மனதில் வைக்க வேண்டும். பக்கத்தில் நல்ல சி.பி.டி. உளவியலாளர் இருக்கும்போது ஆக்ட் ஆள்தான் வேண்டும் என்று ஆறு மாதம் தள்ளிப்போடுவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் இந்தப் பகுதிக்கு ஆக்ட் கூடுதலாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். அது நாட்பட்ட வலி. மணிக்கணக்கில் நின்றபடி ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களுக்கு இடுப்பும் தோளும் படுத்தும் பாடு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குறிப்பான காரணம் பிடிபடாத நாட்பட்ட வலிக்கு ஆக்டையோ சி.பி.டி.யையோ பரிசீலிக்கலாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றதும் "நடிக்கிறான்" என்று பேர் வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து போர்டு விவகாரம். ஆக்ட் சமூகத்தின் உலகளாவிய அமைப்பான ஏ.சி.பி.எஸ். 2005இல் உருவானது. அது யாருக்கும் "இவர் ஆக்ட் தெரபிஸ்ட்" என்று சான்றிதழ் தருவதில்லை. தெரியாமல் விட்டதில்லை, தெரிந்தே எடுத்த முடிவு. சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தால் முறை ஒரு சிலரின் சொத்தாகிவிடும் என்ற அச்சம். பயிற்சி கொடுப்பவர்களை மட்டும் சக நிபுணர்கள் மதிப்பிட்டு அங்கீகரிக்கும் ஏற்பாடு உண்டு. எனக்கு இது நேர்மையான முடிவாகவே படுகிறது, ஆனால் சிகிச்சை தேடி வருகிறவருக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒரு வார இறுதி ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்தவரும், வருடக்கணக்கில் மூத்தவர்களின் மேற்பார்வையில் பழகியவரும் ஒரே சொல்லைப் போட்டுக்கொள்ளலாம். தெரபிஸ்டுகளைப் பட்டியலிடும் தளங்களில் ஒருவர் பெயருக்கு எதிரே பதினைந்து இருபது முறைகள் டிக் அடிக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அத்தனையிலும் ஒருவர் தேர்ந்தவர் என்பதை நம்புவதற்குப் பெரிய மனசு வேண்டும்.

எனவே வரிசையைத் திருப்பிப் போடச் சொல்கிறேன். முதலில் அடிப்படைத் தகுதி. இந்தியாவில் க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலின், அதாவது ஆர்.சி.ஐ.யின், அங்கீகாரம் பெற்ற படிப்பும் பதிவு எண்ணும் வேண்டும். எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கவுன்சிலின் பதிவேட்டில் சரிபார்த்துக்கொள்ளலாம். முதுநிலைப் பட்டத்தோடு கவுன்சலராக இருப்பவர்களுக்கு இந்த எண் இருக்காது. அதனாலேயே அவர்களை ஒதுக்கிவிட வேண்டாம், ஆனால் எங்கே, யாருடைய மேற்பார்வையில் பழகினார்கள் என்று கேளுங்கள். இரண்டாவதாக மொழி. "உள்ளுக்குள்ள ஏதோ பிசையுது" என்பதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தால் சொல்ல வந்ததே நழுவிவிடும். இந்தப் பகுதியில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை பார்க்கிறவர்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். மூன்றாவதாக நேரம். ஷிஃப்ட் வாராவாரம் மாறுகிறவருக்கு "ஒவ்வொரு செவ்வாயும் மாலை ஐந்து மணி" என்ற ஏற்பாடு இரண்டாவது வாரமே உடைந்துபோகும். இந்த மூன்றும் தேறிய பிறகுதான் ஆக்ட் தெரியுமா என்ற கேள்வி.

அதையும் போர்டை வைத்து முடிவு செய்ய வேண்டாம். "எனக்குப் பயம் வந்துட்டே இருக்கு சார், அதை நிறுத்தணும்" என்று சொல்லிப் பாருங்கள். "பாசிட்டிவா யோசிங்க, எல்லாம் சரியாயிடும்" என்று பதில் வந்தால் அவர் ஆக்ட் செய்யவில்லை, சொல்லப்போனால் தெரபியே செய்யவில்லை. "நிறுத்த என்னெல்லாம் பண்ணிப் பார்த்தீங்க? பயம் இல்லாம இருந்தா இந்நேரம் என்ன பண்ணிட்டு இருப்பீங்க?" என்ற திசையில் பேச்சு போனால் நீங்கள் தேடியது ஏறக்குறைய கிடைத்துவிட்டது. வெறும் பேச்சோடு நிற்காமல் அங்கேயே ஏதாவது ஒன்றைச் செய்துபார்க்க வைப்பதும், அடுத்த சந்திப்புக்குள் செய்ய வேண்டிய ஒரு காரியத்தோடு அனுப்பிவைப்பதும் கூடுதல் அடையாளங்கள்.

எங்கே போய்த் தேடுவது? தனியார் கிளினிக்கில் ஒரு அமர்வுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்பது சாதாரணம். கான்ட்ராக்டில் இருப்பவருக்கு அது பெரிய தொகை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலத் துறைகள் பரவாயில்லை. தண்டலத்தில் சவீதா, போரூரில் ஸ்ரீராமச்சந்திரா, செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி, 1794இல் தொடங்கிய வரலாறு கொண்ட கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. இங்கெல்லாம் ஓ.பி. சீட்டு வாங்கி டாக்டரைப் பார்த்தால் மாத்திரையோடு திரும்பிவிடும் வாய்ப்பு அதிகம். "பேசிச் செய்யுற சிகிச்சை வேணும், சைக்காலஜிஸ்டைப் பார்க்கணும்" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் டிஸ்பென்சரி மூலம் மேல்மருத்துவமனைக்குப் பரிந்துரை கேட்கலாம். இ.எஸ்.ஐ.க்கான சம்பள வரம்பு 2017இல் 21,000 ரூபாய் ஆக்கப்பட்டது. அதைத் தாண்டிய நிரந்தரத் தொழிலாளிக்குக் கம்பெனி இன்சூரன்ஸ்தான். உடல்நோய்க்கு என்ன காப்பீடோ அதையே மனநோய்க்கும் தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் சரிதான். ஆனால் நம் ஊர் பாலிசிகளில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும், உட்கார்ந்து பேசுவதற்குத் தராது. வீடியோ காலில் பார்ப்பது ஒரு வழி. ஆறு பேர் தங்கும் ரூமில் அந்தரங்கமாக எப்படிப் பேசுவது என்பதுதான் அதில் சிக்கல். முகம் தெரியாமல் குரலில் மட்டும் பேசவும், மொட்டைமாடியில் ஆளில்லாத நேரத்துக்கு மாற்றிக்கொள்ளவும் சம்மதிக்கும் தெரபிஸ்டாகப் பார்க்க வேண்டும்.

இப்போது இந்த முறையின் மீது வைக்கப்படும் மிகக் கனமான ஆட்சேபத்துக்கு வருகிறேன். "தொழிலாளிக்கு ஏற்புணர்வைக் கற்றுக்கொடுப்பது முதலாளிக்குச் செய்யும் சேவை. பிரச்சினை மனசில் இல்லை, லைன் வேகத்தில் இருக்கிறது, சம்பளத்தில் இருக்கிறது, சாப்பாட்டில் இருக்கிறது." இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி ஹாஸ்டலில் கெட்டுப்போன சாப்பாட்டால் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதன் பிறகு பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததால்தான் அந்தத் தங்குமிடங்களின் நிலையை உலகம் திரும்பிப் பார்த்தது. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது வேலையிழந்த ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தேவைப்பட்டது முதலில் வருமானம். 2024 செப்டம்பரில் தொடங்கி சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தது சங்கத்துக்காகவும் சம்பளத்துக்காகவும். இந்த மூன்றில் எதற்கும் தெரபி பதிலாகாது. ஆகும் என்று எந்தத் தெரபிஸ்டாவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆனால் ஆட்சேபம் ஒரு இடத்தில் குறி தவறுகிறது. ஆக்டில் ஏற்றுக்கொள்ளச் சொல்வது உள்ளே எழும் உணர்வை. வெளியே இருக்கும் அநியாயத்தை அல்ல. கெட்ட சோற்றைப் பார்த்ததும் வரும் கோபத்தையும், எதிர்த்துப் பேசினால் வேலை போய்விடுமோ என்ற பயத்தையும் அமுக்காமல் வைத்துக்கொண்டு, எது முக்கியமோ அதைச் செய்யச் சொல்கிறது. ஒருவருக்கு முக்கியமானது சங்கத்தில் சேர்வதாக இருக்கலாம், இன்னொருவருக்கு வேலையை விட்டுவிட்டு நர்சிங் படிப்பதாக இருக்கலாம், வேறொருவருக்குத் தங்கையின் படிப்புக்காக இன்னும் இரண்டு வருடம் தாக்குப்பிடிப்பதாக இருக்கலாம். பயத்தோடு சேர்ந்தே நடக்கத் தெரிந்தவரை அடக்கிவைப்பது நிர்வாகத்துக்கு எளிதாகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இது வெறும் தத்துவப் பேச்சும் இல்லை. பிரிட்டனில் ஃபிராங்க் பாண்டும் டேவிட் பன்ஸும் 2000இல் ஒரு ஊடக நிறுவனத்தில் 90 பேரை வைத்துச் சோதனை செய்தார்கள். ஒரு குழுவுக்கு ஆக்ட். இன்னொரு குழுவுக்கு வேலையிடத்தில் மன அழுத்தம் தரும் காரணங்களைத் தாங்களே மாற்றப் பழக்கும் பயிற்சி. மூன்றாவது குழு காத்திருப்பில். ஆக்ட் குழுவின் மனநலம் மேம்பட்டது. இதே ஆய்வாளர்கள் 2003இல் ஒரு நிதி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மையத்தில் 412 பேரிடம் எடுத்த ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் அதிகாரம் கொஞ்சம் கூடுதலாக இருந்தவர்களில், உணர்வுகளோடு சண்டை போடாத பழக்கமும் உள்ளவர்களுக்கே அந்த அதிகாரத்தால் பலன் அதிகம் கிடைத்தது. அதாவது இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. அதிகாரமும் வேண்டும், அதைப் பயன்படுத்தும் மனமும் வேண்டும். தொழிலாளியின் சொல்லுக்கு எந்த மதிப்பும் இல்லாத ஒரு லைனில் ஆக்டை மட்டும் கொண்டுவந்து இறக்கினால், பாதியைத்தான் கொடுக்கிறார்கள் என்றுதான் நான் இந்த முடிவுகளைப் படிக்கிறேன். அந்த ஆய்வுகள் அலுவலக ஊழியர்களிடம் நடந்தவை என்ற குறையும் உண்டு. அசெம்பிளி லைனுக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆட்சேபத்தில் ஒரு துண்டு இன்னும் மிச்சம் இருக்கிறது. அதற்கு ஆய்வில் பதில் கிடைக்காது. கம்பெனியே கவுன்சலரை வைத்தால் அவர் யாருடைய ஆள்? நீங்கள் சொன்னது ஹெச்.ஆர். காதுக்குப் போகுமா? மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் "இந்த ஆள் யூனியன் பக்கம் சாய்கிறார்" என்று சொல்வதற்கு விலக்கு கிடையாது. முதல் நாளே, "யார் உங்களுக்குச் சம்பளம் தர்றாங்க, என்னைப் பற்றி என்ன எழுதிக் கொடுப்பீங்க, யார் கையில போகும்?" என்று கேளுங்கள். பதில் வழவழா கொழகொழாவென்று வந்தால், எவ்வளவு நல்ல முறையாக இருந்தாலும் அங்கே மனசைத் திறக்க வேண்டாம்.

மாத்திரை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்குச் சுருக்கமாக: செத்துவிடலாம் என்ற எண்ணம் விடாமல் வந்தாலோ, இல்லாத குரல் கேட்டாலோ, சாப்பிடவும் எழுந்திருக்கவும் முடியாமல் போனாலோ முதலில் மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும். குடியை நிறுத்த முடியாமல் கை நடுங்குகிறவருக்கும் அதுவே. பேச்சு சிகிச்சை அதன் கூட வரும், அதற்குப் பதிலாக வராது. நைட் ஷிஃப்ட் கெடுத்த தூக்கத்தையும் எந்தத் தெரபியும் முழுக்கச் சரிசெய்துவிட முடியாது.

"ஆளே இல்லாத ஊரில் யாரிடம் போய் இத்தனை கேள்வி கேட்பது?" என்பது நியாயமான கடைசிக் கேள்வி. ஒவ்வொருவருக்கும் ஒரு தெரபிஸ்ட் என்ற கணக்கு இங்கே ஒருநாளும் தேறாது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆக்டை அடிப்படையாக வைத்து "செல்ஃப் ஹெல்ப் பிளஸ்" என்ற குழுப் பயிற்சியை வடிவமைத்தது. ஒரு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வுகள், முப்பது பேர் வரை சேர்ந்து உட்காரலாம், பாடம் ஒலிப்பதிவில் ஓடும், நடத்துகிறவர் உளவியலாளராக இருக்க வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பின்தொடர்வதற்குப் படப்புத்தகம் உண்டு. உகாண்டாவில் தெற்கு சூடான் அகதிப் பெண்கள் 694 பேரிடம் சோதித்தபோது மூன்று மாதம் கழித்தும் மன உளைச்சல் குறைந்திருந்தது. 2020இல் முடிவு வெளியானது. பிற்பாடு அகதிகளிடம் நடந்த சோதனைகளில், துருக்கியில் கிடைத்த நல்ல பலன் மேற்கு ஐரோப்பாவில் ஆறு மாதத்துக்குப் பிறகு நிலைக்கவில்லை. ஆகவே இது மந்திரக்கோல் கிடையாது. ஆனாலும் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்குவதற்காக ஒரே வளாகம் திறக்கப்பட்டிருக்கும்போது, அங்கே ஒரு ஹாலும் ஸ்பீக்கரும் ஒதுக்குவது அரசுக்கோ மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ பெரிய செலவா என்ன? நடத்துகிறவர் நிர்வாகத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கக் கூடாது என்பது மட்டும் என் நிபந்தனை.

அதுவரை, 14416 என்ற அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. அங்கே ஆக்ட் கிடைக்காமல் போகலாம், ஆனால் அடுத்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று கேட்கலாம். சென்னையில் ஆக்ட் பழகிய உளவியலாளர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் அறிமுகக் குறிப்பில் முறைகளின் பட்டியலைக் குறைத்துவிட்டு, தமிழில் பேசுவீர்களா, ஷிஃப்டுக்கு ஏற்ப நேரம் மாற்றித் தருவீர்களா, எவ்வளவு வாங்குவீர்கள் என்ற மூன்றையும் தமிழிலேயே எழுதிவையுங்கள். முடிந்தால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்குவார்சத்திரம் பக்கம் வந்து உட்காருங்கள்.